பழைய புல்லட்டை சாப்பராக மாற்றலாமா? கழுத்தில் கை வைப்பதற்கு முன்

கேட்கப்பட்ட கேள்வி இது: அப்பா ஓட்டிய 1988 மாடல் புல்லட் 350 சில ஆண்டுகளாக வீட்டில் சும்மா நிற்கிறது. அதை நீள ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்) வைத்த சாப்பராக மாற்ற ஆசை. பட்டறையில் விசாரித்தால், கழுத்தை (ஹேண்டில் சுழலும் சேசிஸின் முன்முனைக் குழாயை) வெட்டி 45 டிகிரிக்குச் சாய்த்து, ஃபோர்க்கை 8 இன்ச் நீட்டி, பின் ஷாக்கப்பை எடுத்துவிட்டு நேராக வெல்டு அடித்துத் தருகிறோம், ஒரு மாத வேலை என்கிறார்கள். செய்யலாமா? ஓட்ட முடியுமா? போலீஸ் பிடிக்குமா?

சாப்பர் கட்டலாம் தம்பி. ஆனால் அந்தப் பட்டறை சொன்ன வழியில் வேண்டாம். அதைவிட முக்கியம், அப்பாவின் வண்டியின் கழுத்தை யாரும் வெட்ட விடாதீர்கள். ஏன் என்பதையும், வெட்டாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் விவரமாகச் சொல்கிறேன். இதை நான் ஒரு முறை தவறாகச் செய்து, பிறகு சரியாகவும் செய்திருக்கிறேன்.

முதலில் அந்தப் பெயரைப் பார்ப்போம். சாப் என்றால் வெட்டுவது, நறுக்குவது. இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கா திரும்பிய படைவீரர்களில் பலர் பழைய ஹார்லி, இந்தியன் வண்டிகளை வாங்கினார்கள். கனமான அந்த வண்டிகளை வேகமாக ஓட்ட, தேவையில்லாததையெல்லாம் கழற்றினார்கள். முன் மட்கார்டு போனது, பின் மட்கார்டு பாதியானது, பெரிய சீட்டும் பைகளும் போயின. அப்படி ஆனவை பாபர்கள். கழுத்தைச் சாய்த்து ஃபோர்க்கை நீட்டும் பழக்கம் பெரிதாகப் பரவியது 1960-களில், முக்கியமாகக் கலிஃபோர்னியாவில். 1969-இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் ஓடிய இரண்டு சாப்பர்கள் அந்த உருவத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தன. போலீஸ் ஓட்டிக் கழித்த ஹார்லிகளிலிருந்து அவற்றைக் கட்டியவர்கள் கிளிஃப் வாஸ், பென் ஹார்டி என்ற இரண்டு கறுப்பினக் கலைஞர்கள். பல பத்தாண்டுகளுக்கு அவர்கள் பெயரை யாரும் சொல்லவில்லை. சாப்பர் கட்ட நினைக்கும் ஒவ்வொருவரும் அந்த இரண்டு பெயரையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்தக் கதையை இங்கே சொல்லக் காரணம் உண்டு. சாப்பரின் உயிர் முதலில் கழற்றுவதில் இருந்தது, நீட்டுவது பிறகு வந்தது. உங்களிடம் கழற்றுவதற்கு நிறைய இருக்கிறது. நீட்டுவதற்குத்தான் அந்தச் சேசிஸ் தோதானது இல்லை.

சாய்வு கூடினால் வண்டிக்கு என்ன ஆகிறது என்று புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாகப் புரியும். ஆபீஸ் நாற்காலியின் சக்கரத்தைப் பாருங்கள். நாற்காலியைத் தள்ளினால் சக்கரம் தானாகத் திரும்பி, அச்சுக்குப் பின்னால் வந்து நேராக நின்றுகொள்ளும். பைக்கின் முன் சக்கரமும் அதையேதான் செய்கிறது. கழுத்தின் வழியாக ஒரு நேர்கோடு இழுத்தால் அது தரையில் ஓர் இடத்தில் தொடும். டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இடைவெளிக்கு ட்ரெயில் என்று பெயர். கையை லேசாக விட்டாலும் வண்டி நேராகப் போவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. கழுத்து செங்குத்திலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பது ரேக்.

கணக்கு எளிதாக இருக்க, ரேக் 27 டிகிரி, கழுத்து அச்சிலிருந்து ஃபோர்க் 55 மி.மீ. முன்தள்ளி, 19 இன்ச் சக்கரத்தில் டயரோடு சேர்த்து ஆரம் 325 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ட்ரெயில் சுமார் 104 மி.மீ. வரும். ஆரோக்கியமான வண்டி. இப்போது கழுத்தை மட்டும் 38 டிகிரிக்குச் சாய்த்தால் அது 184 ஆகிறது. பட்டறை சொன்ன 45 டிகிரியில் 247. நேர்சாலையில் வண்டி ரயில் மாதிரி போகும், உண்மைதான். ஆனால் மெதுவாகப் போகும்போது ஹேண்டிலைக் கொஞ்சம் திருப்பினாலே சக்கரம் அந்தப் பக்கமாகத் தொப்பென்று விழப் பார்க்கும். அந்த விழும் குணம் 27 டிகிரியில் இருப்பதைப்போல 45-இல் மூன்று மடங்கு. வீல்பேஸும், அதாவது இரண்டு சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையிலான தூரமும், ஏறக்குறைய ஓர் அடி கூடிவிடும். நம் ஊர்த் தெருமுனையில், ஒரு பக்கம் ஆட்டோவும் ஒரு பக்கம் தண்ணீர் லாரியும் நிற்க, இந்த வண்டியைத் திருப்புவதை நினைத்துப் பாருங்கள்.

அந்த 8 இன்ச் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். கழுத்தைச் சாய்க்கச் சாய்க்க வண்டியின் முகம் கீழே இறங்கும். அதை மட்டத்துக்குக் கொண்டுவரத்தான் ஃபோர்க்கை நீட்டுவது. எவ்வளவு நீட்டுவது என்பது கணக்கில் வருவது. கழுத்துக்குக் கீழே அச்சு வரை 60 செ.மீ. என்றால், 27-இலிருந்து 38 டிகிரிக்குப் போக 8 செ.மீ. போதும், அதாவது 3 இன்ச். 45 டிகிரிக்கே 6 இன்ச்தான் வருகிறது. கணக்குப் போடாமல் கூடுதலாக நீட்டினால் முகம் மேலே தூக்கிக்கொள்ளும், எஞ்சின் பின்னால் சாயும், கார்புரேட்டரின் மிதவை மட்டமும் மாறும். 8 இன்ச் என்று முதல் பேச்சிலேயே சொல்கிறவர் எதையும் அளக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இன்னொரு குறுக்கு வழியையும் உங்களிடம் நிச்சயம் சொல்வார்கள்: "கழுத்தை வெட்ட வேண்டாம், சாய்வான டி போட்டுவிடலாம்." ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் மேல் டி, கீழ் டி இரண்டையும் சில டிகிரி சாய்த்து லேத்தில் செய்துவிடுவது. பார்வைக்கு அதே சாப்பர் உருவம் வந்துவிடும், சேசிஸிலும் கை வைக்கவில்லை. ஆனால் இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கழுத்தின் அச்சு பழைய 27 டிகிரியிலேயே இருக்கும், சக்கரம் மட்டும் முன்னால் போய்விடும். மேலே சொன்ன அதே வண்டிக்கு 6 டிகிரி சாய்ந்த டி போட்டால் 104 மி.மீ. ட்ரெயில் 33-க்கு இறங்கிவிடுகிறது. 10 டிகிரி கொடுத்தால் சுழியத்துக்கும் கீழே போகிறது. அப்புறம் அந்த நாற்காலிச் சக்கரத்தைப் பின்புறமாகத் தள்ளுவது போலத்தான்: ஒரு கணம் நேராகப் போகும், அடுத்த கணம் படாரென்று திரும்பும். சாய்வான டி கெட்ட பொருள் இல்லை. கழுத்தை நிறையச் சாய்த்த வண்டியில் மிதமிஞ்சிப் போன ட்ரெயிலைக் குறைக்க வந்தது அது. சாய்க்காத கழுத்தில் அதை மாட்டுவதுதான் தவறு.

என் தவறு இதுதான். 2006-இல் ஒரு பழைய புல்லட்டுக்கு அப்படிப்பட்ட டி ஒன்றைச் செய்து வாங்கி மாட்டினேன். ஊருக்குள் 40-இல் எந்தக் குறையும் தெரியவில்லை. செங்கல்பட்டைத் தாண்டி மதுராந்தகம் போகும் வழியில், 70-ஐத் தொட்டபோது சாலையில் ஒரு சின்ன ஒட்டுமேல் ஏறினேன். ஹேண்டில் இடமும் வலமுமாக உதற ஆரம்பித்தது. கையை இறுக்கினால் இன்னும் கூடியது. ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட்டு, உடம்பைத் தாழ்த்தி, பிரேக்கைத் தொடாமல் எப்படியோ ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தினேன். பின்னால் அன்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதை இன்றும் நினைத்துக்கொள்வேன். அந்த டி-யைச் செய்துகொடுத்தவர் ட்ரெயில் எவ்வளவு என்று கேட்கவும் இல்லை, நானும் சொல்லவும் இல்லை. எனக்கு அப்போது தெரியாது.

இனி உங்கள் வண்டியின் சேசிஸுக்கு வருவோம். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே குனிந்து பாருங்கள். கழுத்திலிருந்து இறங்கும் ஒற்றைக் குழாய் எஞ்சினுக்கு முன்னாலேயே தட்டுகளில் முடிந்துவிடும். எஞ்சினுக்கு அடியில் குழாய் கிடையாது. எஞ்சினும் கியர் பாக்ஸுமே சேசிஸின் கீழ்ப் பாதியாக நின்று முன்னையும் பின்னையும் கட்டிப் பிடித்திருக்கின்றன. எஞ்சினை இறக்கிவிட்டால் அந்தச் சேசிஸ் வாய் திறந்தது போல நிற்கும். அந்த நிலையில் கழுத்தில் வெல்டு அடித்தால் சூட்டில் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு டிகிரி பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டாலும் போதும், வண்டி காலம் முழுக்க ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே ஓடும்.

இதைச் சரியாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் மும்பையின் வர்தெஞ்சியும் ஜெய்ப்பூரின் ராஜ்புதானா கஸ்டம்ஸும் புல்லட் எஞ்சினை வைத்தே பெயர் வாங்கியவை. நல்ல கட்டுநர் சேசிஸை ஜிக்கில், அதாவது வெல்டு அடிக்கும்போது அசையாமல் பிடித்துக்கொள்ளும் சட்டத்தில், பூட்டுவார். காலி கிராங்க்கேஸ் (எஞ்சினின் கீழ்ப்பகுதி உறை) ஒன்றை எஞ்சின் இடத்தில் போல்ட் போட்டு வைத்துத்தான் வெல்டு பக்கமே போவார். இரண்டு குழாயை முனையோடு முனை ஒட்ட மாட்டார். உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் துண்டு ஒன்றைச் செருகி, வெளிக்குழாயில் துளை போட்டு அதன் வழியாகவும் பற்றவைத்து, பிறகுதான் சுற்றி வெல்டு போடுவார். குழாயும் இழுத்துச் செய்த தையல் இல்லாத குழாயாக இருக்கும். தண்ணீர்க் குழாய்க்கு வருகிற ஜி.ஐ. பைப்பை எடுத்து வருகிற பட்டறை என்றால் வாசலிலேயே திரும்பிவிடுங்கள். நீங்கள் பேசிய இடத்தில் ஜிக் இருக்கிறதா என்று கேளுங்கள். என்ன பதில் வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஃபோர்க்கை நீட்டுவதிலும் இதே கதைதான். பழைய குழாயின் தலையில் மரை போட்டு ஒரு துண்டைத் திருகி நீளமாக்குவது மலிவான வேலை. பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க்கை வளைக்கும் பலம் முழுவதும் டி-க்குப் பக்கத்தில்தான் வந்து விழும். அங்கேயே மரை வெட்டிய பலவீனமான இடமும் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நீளமாக வேண்டுமென்றால் ஒரே துண்டாகக் கடைந்த குழாய்தான். சாய்வு கூடினால் இன்னொரு தொல்லையும் வரும். பள்ளத்தில் இறங்கும்போது ஃபோர்க் உள்ளே வழுக்காமல் வளையப் பார்க்கும், புஷ்கள் இறுகிக்கொள்ளும். முன் சஸ்பென்ஷன் இருந்தும் இல்லாதது போலத்தான்.

பின்பக்கம் ஷாக்கப்பை எடுத்துவிட்டு வெல்டு அடிப்பது, அதாவது ஹார்ட்டெயில். சாப்பரின் அழகில் பாதி அந்த முக்கோணத்தில் இருக்கிறது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். கழுத்திலிருந்து பின் அச்சு வரை ஒரே கோடு ஓடும்போது கண் அங்கேயே நின்றுவிடும். ஆனால் 1940-களின் கடைசியில் வந்தபோது புல்லட்டைத் தனியே காட்டியதே பின்னால் இருந்த ஸ்விங் ஆர்ம்தான், அதாவது பின் சக்கரத்தைத் தாங்கி ஷாக்கப்போடு மேலும் கீழும் அசையும் கை. அதை எடுத்துவிட்டால் நம் வேகத்தடைகளின் ஒவ்வோர் அடியும் முதுகுத்தண்டுக்குப் போகும், அங்கிருந்து கழுத்தின் வெல்டுக்கும் போகும். டயர் காற்றும் சீட் ஸ்பிரிங்கும்தான் மிச்சமிருக்கும் சஸ்பென்ஷன். ஞாயிற்றுக்கிழமை காலை 20 கிலோமீட்டருக்குச் சரி, அதற்கு மேல் என்னால் முடிந்ததில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் சுற்றி வளைக்க எதுவும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182-ஏ பிரிவு சேர்ந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கழுத்தை வெட்டுவது, ஹார்ட்டெயில் ஆக்குவது எல்லாம் இதற்குள் நேராக வரும். சேசிஸ் நம்பர் அடித்திருக்கும் இடம் கழுத்தை ஒட்டியிருந்தால், வெட்டும்போதும் தேய்க்கும்போதும் அது சேதமானால் விஷயம் இன்னும் பெரிதாகும். மறுபதிவுக்குப் போகும்போது பென்சிலால் தேய்த்து அந்த நம்பரைத்தான் முதலில் எடுப்பார்கள். உங்கள் வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை அந்த நாள் வரும். விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனமும் மாற்றத்தைத்தான் முதலில் கேட்கும்.

பலர் யோசிக்காத ஒன்று. பதிவாகி 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டிகளை வின்டேஜ் என்று தனியாகப் பதிய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சேசிஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. உங்கள் அப்பாவின் வண்டிக்கு 2038-இல் 50 வயது. கழுத்தை வெட்டிவிட்டால் அந்தக் கதவு அன்றோடு மூடிவிடும்.

சரி, வெட்டாமல் என்ன செய்யலாம்? ஸ்பானரால் மாட்டி, ஸ்பானராலேயே கழற்றக்கூடிய வேலை மட்டும் என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதற்குள்ளேயே எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

முதலில் நிற்கும் விதம். முன்னால் 19 இன்ச்சுக்குப் பதில் 21 இன்ச் ரிம், 90/90-21 டயர். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில் வருகிற அளவு என்பதால் டயர் எளிதாகக் கிடைக்கும். இருக்கிற ஹப்பிலேயே புது ஸ்போக் கட்டலாம், ஆனால் ரிம் வாங்குவதற்கு முன் ஹப்பின் துளைகளை எண்ணுங்கள். எண்ணிக்கை ஒத்துவராமல் ரிம்மைத் திருப்பிக் கொடுக்க அலைந்தவர்களை எனக்குத் தெரியும். பின்னால் 2 இன்ச் குட்டையான ஷாக்கப். முன் சக்கரத்தால் முகம் 23 மி.மீ. ஏறும், பின்பக்கம் 50 மி.மீ. இறங்கும். வீல்பேஸ் 1,370 மி.மீ. உள்ள வண்டியில் இது கிட்டத்தட்ட 3 டிகிரி. ஒரு வெட்டும் இல்லாமல் 27 டிகிரி 30 ஆகிவிட்டது, ட்ரெயில் 137 மி.மீ. உறுதியாக ஓடும், திருப்பவும் முடியும். எண்ணில் 3 டிகிரி சின்னதாகத் தெரியும். வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டுப் பத்தடி தள்ளிப் போய்ப் பாருங்கள், ஆளே மாறியிருக்கும். கிரவுண்ட் கிளியரன்ஸ் குறையும் என்பதால் சென்டர் ஸ்டாண்டு வேகத்தடையில் உரசுகிறதா, முழுச்சுமையில் பின் டயர் மட்கார்டைத் தொடுகிறதா என்று இரண்டையும் முதல் நாளே பாருங்கள்.

அடுத்து முகம். புல்லட்டின் ஹெட்லைட் தலைப்பகுதி, இரண்டு பக்கமும் டைகர் லேம்ப் என்ற குட்டி விளக்கு வைத்த அந்த வார்ப்பு, வெறும் மூடி இல்லை. ஃபோர்க் குழாய்களின் தலை அதிலேயே திருகியிருக்கும், மேல் டி-யின் வேலையை அதுதான் செய்கிறது. இது தெரியாமல் ஒரு குட்டி ஹெட்லைட்டை வாங்கிக்கொண்டு வந்து நடுவழியில் திகைத்து நிற்பார்கள். அதை எடுக்க வேண்டுமென்றால் தனி மேல் டி வேண்டும். பழைய தண்டர்பேர்டின் ஃபோர்க்கை டி-யோடு முழு செட்டாக எடுப்பது நல்ல வழி, டிஸ்க் வைத்து வந்த மாடலாக இருந்தால் கூடவே டிஸ்க் பிரேக்கும் கிடைக்கும். வாங்குமுன் கோன் செட்டின் (கழுத்துக்குள் இருக்கும் பேரிங்கின்) அளவையும் கழுத்துத் தண்டின் நீளத்தையும் உங்கள் வண்டியோடு அளந்து ஒப்பிடுங்கள். பிரேக் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அந்தக் காலத்து முன் டிரம் அந்தக் காலத்துச் சாலைக்கு. சென்னையில் என்றால் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் இதெல்லாம் கிடைக்கும். அதே இடத்தில் "வெட்டிய சேசிஸ் ரெடியாக இருக்கு" என்று யாராவது காட்டினால், கைகூடத் தொடாமல் வந்துவிடுங்கள். அது யார் வண்டி என்று உங்களுக்குத் தெரியாது.

ஹேண்டில் பாரை உயர்த்தலாம், ஆனால் கைப்பிடி தோளுக்கு மேல் போக வேண்டாம். பல அமெரிக்க மாநிலங்களிலேயே அதற்குச் சட்டம் இருக்கிறது. தோளுக்கு மேலே போனால் கை மரத்துப்போகும், அவசரத்தில் திருப்பப் பலமும் இருக்காது. உயர்த்தும்போது கிளட்ச், ஆக்ஸிலரேட்டர், பிரேக் கேபிள் மூன்றையும் நீளமாகச் செய்து வாங்க வேண்டும். பிறகு ஒரு சோதனை: வண்டியை ஐடிலில் விட்டுவிட்டு ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அப்படியே சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

சீட்டுக்கு நீங்கள் எதையும் புதிதாக யோசிக்கவே வேண்டாம். ஸ்பிரிங் வைத்த ஒற்றைச் சீட்டும் பின்னால் தனியாக ஒரு சின்னச் சீட்டும் புல்லட்டுக்கு என்றே காலங்காலமாக இருந்து வந்தவை. தாழ்வான ஒற்றைச் சீட்டை முன்னால் வைத்துப் பாருங்கள், டேங்கிலிருந்து பின் சக்கரம் வரை இறங்கும் கோடு அப்போதுதான் பிறக்கும். பின்னால் ஆள் ஏற்றுவதாக இருந்தால் பிடிமானமும் கால் வைக்கும் இடமும் பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் சாரி கார்டும் கட்டாயம், மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி அது. அழகைக் கெடுக்கிறது என்று சாரி கார்டைக் கழற்றச் சொல்வார்கள். அம்மாவோ தங்கையோ ஒரு நாள் பின்னால் உட்காரப் போகிறார்கள் என்றால் கழற்றாதீர்கள். மெல்லிய கம்பியில் வட்டமாக வளைத்து, மட்கார்டின் கோட்டோடு போகும்படி ஒன்று செய்து மாட்டினால் அதுவே வண்டிக்கு ஓர் அழகு.

ஃபார்வர்டு கண்ட்ரோல், அதாவது காலை முன்னால் நீட்டி வைப்பது, உங்கள் வண்டியில் கொஞ்சம் சிக்கல். 1988 புல்லட்டில் கியர் வலது பக்கம். கிக்கரும் வலது பக்கம், எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் பென்ட் பைப்பும் வலது பக்கம்தான் இறங்குகிறது. நீள ராடு மூலம் கியரை முன்னால் கொண்டுபோனால் சூடான பைப்புக்கும் காலுக்கும் நடுவே அது வழி தேட வேண்டும். ராடின் முனையில் கொஞ்சம் ஆட்டம் விழுந்தால்கூட கியர் தேடித் தேடி விழும். ஒரு சாண் முன்னால் நகர்த்தினால் போதும் என்பது என் கருத்து. உட்காரும் விதம் அதிலேயே மாறிவிடுகிறது.

சைலன்சரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. வெறும் பைப் வேண்டாம். ஷார்ட் பாட்டிலோ நல்ல கோல்ட்ஸ்டாரோ, உள்ளே தடுப்பு இருப்பதாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டேங்கையும் மாற்றாதீர்கள். அந்தக் கால புல்லட் டேங்கைவிட அழகான டேங்கை நான் பார்த்ததில்லை.

இவ்வளவு சொன்னாலும், கட்டுவதற்கு முன் காசு போக வேண்டிய இடம் எஞ்சின்தான். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி., 18 குதிரைத் திறன். நீண்ட ஸ்ட்ரோக் உள்ள இந்த எஞ்சின் 60-இல் நிதானமாகத் தட்டிக்கொண்டு போவதற்காகவே பிறந்தது. சாப்பருக்கு அதைவிடப் பொருத்தமான குணம் ஏது? சில ஆண்டுகள் நின்ற வண்டி என்பதால் முதலில் ஆயிலை வடித்துப் பாருங்கள். இந்த எஞ்சினில் ஆயில் தனி டேங்கில் இல்லை, கிராங்க்கேஸுக்குள்ளேயே ஓர் அறையில் இருக்கிறது. நின்ற வண்டியில் அது மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கியிருக்கும். பெட்ரோல் டேங்கின் உள்துரு, கார்புரேட்டர், பாயிண்ட், வயரிங், கிளட்ச் தட்டுகள், கோன் செட், ஸ்விங் ஆர்ம் புஷ், இவையெல்லாம் சரியான பிறகு ஒரு மாதம் வண்டியை அப்படியே, அசல் உருவத்திலேயே ஓட்டுங்கள். அதன் பழக்கம் கைக்கு வந்தால்தான், மாற்றிய பிறகு ஏதாவது கோணலாக இருந்தால் உங்களுக்குத் தெரியும். வைத்திருக்கும் பணத்தில் பாதி இதற்கே போனாலும் போகட்டும். பெயின்ட் கடைசி. பட்டி பூசி மினுக்கிய வண்டியில் வெல்டு விரிசல் கண்ணுக்கே தெரியாது. நான் வாங்கிய ஒரு பழைய சேசிஸில், பெயின்டைச் சுரண்டி எடுத்த பிறகுதான் கழுத்துக்குக் கீழே முடிபோல ஒரு கோடு ஓடியிருந்தது தெரிந்தது. யாரோ எப்போதோ வெட்டி ஒட்டியது.

டயர் அளவு, ஃபோர்க் செட் மாற்றம் இரண்டையும் பற்றி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். எல்லா அலுவலகத்திலும் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவற்றை விட்டுவிட்டு, குட்டை ஷாக்கப்பும் ஒற்றைச் சீட்டும் ஹேண்டிலும் வைத்தே கட்டுங்கள். எப்படி இருந்தாலும் கழற்றிய அசல் பாகம் எதையும் விற்காதீர்கள்.

இதையெல்லாம் படித்த பிறகும் மனசு அந்த நீள ஃபோர்க்கிலேயே நிற்கிறது என்றால், அதுவும் எனக்குப் புரிகிறது. அப்படியானால் அது வேறு சேசிஸில், ஜிக் வைத்திருக்கும் கட்டுநரிடம், கண்காட்சிக்கும் தனியார் இடத்துக்கும் மட்டும் என்று முடிவு செய்து கட்டுங்கள். அப்பாவின் வண்டியை அதற்குக் கொடுக்காதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். வண்டியைக் கழுவி, வெள்ளைச் சுவருக்கு முன்னால் நேராக நிறுத்தி, அச்சின் உயரத்தில் கேமராவை வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். அதை ஏ4 தாளில் நாலைந்து பிரதி எடுத்து, பென்சிலால் சீட்டைத் தாழ்த்தி, முன் சக்கரத்தைப் பெரிதாக்கி, பின்பக்கத்தை இறக்கி வரைந்து பாருங்கள். முன் மட்கார்டை அழித்தும் ஒரு தாளில் பாருங்கள். அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்தத் தாள் பிடிக்கிறது என்று அவர் கையிலும் கொடுத்துக் கேட்டுவிட்டுப் பிறகு ஸ்பானரை எடுங்கள்.